அரியாலைக் குளிரறையின் இரண்டாவது இணைப்பு

அன்று நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. அரியாலையில் ஒரு டிப்பர் லொறி, ஃபைபர் கம்பி போகும் தூணை இடித்துச் சாய்த்தது.

2. இறாலும் நண்டும் வைக்கிற குளிரறையின் இணைய இணைப்பு அறுந்தது.

3. அங்கே இருக்கும் ரவுட்டர், கூரையில் நாங்கள் பூட்டியிருந்த அன்டெனா வழியாக, தானாகவே சிம் இணைப்புக்கு மாறியது.

4. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அலுவலகத்தில் இருந்த நான் அதைத் திரையில் பார்த்து நிம்மதியடைந்தேன்.

5. சிம்மில் இருந்த டேட்டா கரையத் தொடங்கியது.

ஐந்தாவது நடந்திருக்கக் கூடாது. அந்த சிம்முக்கு இரண்டு வேலைதான். அறையின் வெப்பம் ஏறினால் எங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் இங்கிருந்தே உள்ளே புகுந்து கருவிகளைச் சரிசெய்ய வழிவிட வேண்டும். இரண்டுக்கும் மிகக் கொஞ்ச டேட்டா போதும். கூடுதலாக வேண்டுமென்றால் கொழும்பில் அனுமதி எடுக்க வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை.

யார் பாவிக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வைஃபை கடவுச்சொல் தெரிந்தவர் குளிரறைக் காவலாளி அண்ணை மட்டும்தான். அவருடைய வீடு பின்மதிலோடு ஒட்டினாற்போல் இருந்தது. ரவுட்டர் பதில் சொல்லாத நாட்களில் அவர்தான் எனக்குக் கண்.

"அண்ணை, எத்தினை லைட் எரியுது?"

"மூண்டு பச்சை. நாலாவது என்னைப் பாத்துக் கண்ணடிக்குது தங்கச்சி. மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

படம் எடுத்து அனுப்பச் சொல்லி நான்தான் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தேன்.

அன்று அவருடைய அம்மாவின் செத்தவீடு. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் அவருக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் தங்கச்சி, நாங்கள்தான். எங்கடை லைனும் உந்தத் தூணாலைதானே வந்தது. போன்களிலை ஒரு கோடுதான் காட்டுது. தம்பிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறம்."

தம்பி பிரான்சில். இன்னும் விசா இல்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. இப்போதெல்லாம் பந்தலுக்குச் சொல்லும்போதே வீடியோக்காரருக்கும் சொல்லிவிடுகிறோம். பாதிப் பிள்ளைகள் திரையில்தான் வந்து நிற்பார்கள்.

"டேட்டா முடியப்போகுது அண்ணை."

"பெட்டி மூடுமட்டும் விடுங்கோ. சுவாமி வந்து செபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவன் முகத்தைப் பாக்கவேணும் எண்டு அழுறான்."

பின்னால் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது.

டேட்டா முடிந்தால் குளிரறையைப் பார்க்க எவருமில்லை. பார்க்கிறவரே செத்தவீட்டில் நின்றார். உள்ளே இருந்த இறால், அந்தப் பந்தலுக்குள் நின்ற ஆட்கள் பிடித்தது. நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அப்படியே விடவுமில்லை. வீடியோவுக்குப் போகும் வேகத்தைக் குறைத்தேன். குரல் தடையில்லாமல் போகும், படம் கொஞ்சம் மங்கும் என்று கணக்குப் போட்டேன்.

குரலைப் பற்றிய கணக்குச் சரி.

அடுத்த கிழமை அன்டெனாவைப் பரிசோதிக்கப் போனபோது அண்ணை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்காமலே சொன்னார்.

"படம் அப்பிடியே நிண்டிட்டுது தங்கச்சி. அம்மாவின்ரை முகம் அவனுக்குத் தெரிஞ்சுகொண்டே இருந்திருக்கு. 'அண்ணை, இன்னும் மூடேல்லைத்தானே, வடிவாத் தெரியுது' எண்டு திரும்பத் திரும்பக் கேட்டான். நாங்கள் அப்ப பெட்டியைத் தூக்கிட்டம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இன்னும் மூடேல்லை எண்டு சொன்னன்."

நான் ஏணியிலிருந்து இறங்கினேன்.

"நீங்கள் ஏதும் செய்தனீங்களோ?"

"ஓம் அண்ணை. வேகத்தைக் குறைச்சனான்."

அவர் கூரையைப் பார்த்தார்.

"இறால் பழுதாகேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப சரி."

ஏணியை மடித்துச் சுவரோடு சாத்திவிட்டுப் போனார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. எப்போதும் சொல்வார்.

இப்போது புதுத் தூண் நட்டாயிற்று. ஃபைபர் வேலை செய்கிறது, சிம் காத்திருப்பில் இருக்கிறது. மேலிடம் சொன்னபடி கடவுச்சொல்லை மாற்றினேன். அண்ணை புதியதைக் கேட்கவில்லை. தம்பிக்கு உண்மையை அவர் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நான் போன் எடுத்தால் உடனே எடுக்கிறார், லைட்டுகளைப் பார்க்கிறார், "நாலும் பச்சை" என்று சொல்லிவிட்டு வைக்கிறார்.