தலையில் அடித்த சத்தியம்

கிட்டத்தட்ட அரை வருஷம் நான் என் வீட்டில் இருமவில்லை. தும்மலாம், தும்மலுக்கு என் மகன் திரும்பிப் பார்ப்பதோடு சரி. இருமினால் வந்துவிடுவான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து, வாசற்படியில் நின்று, என் முகத்தையே பார்ப்பான். பதினேழு வயது, மீசை அரும்பிய பிள்ளை அப்படி நின்று பார்த்தால் வந்த இருமலும் உள்ளே போய்விடும். அதனால் தொண்டை கமறினால் கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிடுவேன். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சாக்கில், அந்தச் சத்தத்தில் ஆசை தீர இருமிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவேன். "நேத்துதானம்மா தண்ணி விட்ட?" என்று ஒருநாள் கேட்டான். ஊரிலேயே நன்றாக நனைந்த தென்னைகள் எங்களுடையவைதான்.

இவ்வளவுக்கும் காரணம் அவனுடைய வலது கை. அந்தக் கையைப் பிடித்து என் தலையில் வைத்தவள் நான்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மகனும் மட்டும். அவன் பிளஸ் டூவுக்குப் போன புதிதில், ஒருநாள் காலையில் மழைக்கோட்டை எடுக்கலாம் என்று என் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினேன். மூலையில் ஒரு பொட்டலம். சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுகிறவன் அவன் ஒருவன்தான். பிரித்து மோந்து பார்க்கிற வேலையே இல்லை, வாடை தானாக வந்தது. கஞ்சா. எத்தனை நாள் அதன் மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனேனோ, பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தேனோ, தெரியாது.

விளக்குமாறு பிய்கிறவரை அடித்தேன். அவன் தடுக்கவில்லை. என் கைதான் ஓய்ந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு, எங்கள் பக்கத்துத் தாய்மார் எல்லாரும் கடைசியில் சொல்வதையே நானும் சொன்னேன்.

"இனிமே தொட மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"வேணாம்மா. கோயில்ல சூடத்துல அடிக்கிறேன்."

"ஒன்னை யாருடா சூடத்துல அடிக்கச் சொன்னா? என் தலையில அடி."

"என் தலையில அடிச்சுக்கிறேன்மா. அப்பா மேல பண்ணவா? படிப்பு மேல பண்ணவா? ஒன் தலை வேணாம்மா."

அழுதான். அடித்தபோது அழாதவன் அதற்கு அழுதான். பெற்றவள் மேல் எவ்வளவு பாசம் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாது என்று அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. அதுதான் அந்த அழுகை. ஊர்ப் பிள்ளைகள் மனதையெல்லாம் படித்துவிடுகிற டீச்சருக்கு அது மண்டையில் ஏறவில்லை. கையை இழுத்து என் உச்சியில் வைத்து, நானே ஒரு அமுக்கு அமுக்கினேன். அந்தக் கை ஈரமாக இருந்தது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஒரு சாயங்காலம் கண் சிவந்து வந்தான். சாப்பாட்டை அள்ளி அள்ளித் தின்றுவிட்டு, எதற்கோ சிரித்துவிட்டு, படுத்துக்கொண்டான். எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டால் ஒத்துக்கொள்வான். ஒத்துக்கொண்டால் அடுத்தது என்ன? சத்தியப்படி நான் சாக வேண்டும். அதற்கு எனக்குச் சௌகரியப்படவில்லை.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். அவன் பள்ளிக்கூடம் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஈரத்துணி போட்டான், கஞ்சி வைத்தான். மகனுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று மதியம்வரை சந்தோஷப்பட்டேன். மதியம் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான். "எங்கம்மாவ விட்டுரு, என்னைய எடுத்துக்க" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்காமலே போய்ப் படுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே வெளியே போய்விட்டுச் சிவந்த கண்ணோடு திரும்பி வந்தான்.

அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் எதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று விளங்கியது. எனக்கு உடம்புக்கு வந்தால் அவனுக்குப் பயம் வரும். பயம் வந்தால் அதை மறக்க அங்கேதான் போவான். போய்விட்டு வந்தால், எனக்கு அடுத்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஆகவே எனக்கு உடம்புக்கு வரக்கூடாது. அவ்வளவுதான் வழி. தலைவலிக்கெல்லாம் லீவ் போட்டவள், ஒரு நாள்கூட லீவ் எடுக்காத ஆசிரியை ஆனேன். தலைமையாசிரியர் பிரேயரில் என்னைப் பாராட்டினார். காய்ச்சல் மாத்திரையைப் பெருங்காய டப்பாவில் ஒளித்துவைத்தேன். அவன் ஒளித்துவைத்ததை நான் தேடினேன். நான் ஒளித்துவைத்தது அவன் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று பயந்தேன். ஒரே வீட்டில் இரண்டு திருடர்கள்.

சத்தியமாவது ஒன்றாவது, அதெல்லாம் சும்மா என்று சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லலாம். அஞ்சாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள்தானே நான். ஆனால் சும்மா என்று சொன்னால், அவனைக் கொஞ்சமாவது கட்டிவைத்திருக்கிற ஒன்றை நானே அவிழ்த்துவிடுகிறேன். சும்மா இல்லை என்று விட்டால், அவன் ஒவ்வொரு தடவையும் தன் அம்மாவைக் கொல்கிறான். இன்னொன்றும் இருந்தது. எனக்கும் பயமாக இருந்தது. குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் அந்தக் கை நினைவுக்கு வரும்.

இந்த லட்சணத்தில் தை மாதம் வயிற்று வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுவரைக்கும் இழுத்தது. வாயு என்று இஞ்சியும் ஓமமுமாகக் குடித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. புதுக்கோட்டைக்குப் போய் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை நிறையக் கல். ஆபரேஷன் பண்ணிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். தள்ளிப்போட்டேன். வீட்டுக்காரர் போனில் கத்தினார். மகனுடைய பழக்கம் அவருக்குத் தெரியும், அதற்கு நான் கொடுத்த செல்லம்தான் காரணம் என்றும் தெரியும். சத்தியத்தைப் பற்றித் தெரியாது.

"அவன் பரீட்சை முடியட்டுங்க" என்றேன்.

"அவன் பரீட்சைக்கும் ஒன் பித்தப்பைக்கும் என்னடி சம்பந்தம்?"

"இருக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஆஸ்பத்திரியில்தான், இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குச் சனிக்கிழமை மதியம் ஒரு கூட்டம் நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். டீச்சர்ஸ் மீட்டிங் என்று மகனிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தெரிந்த முகம் வந்தால் எழுந்து ஓட வசதியாகக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாரும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காரப் பார்த்தார்கள். ஆலோசகர் ஒரு சின்னப் பெண். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். அத்தனை பேரும் பிள்ளையைப் பற்றியே சொன்னோம். "பிள்ளையப் பத்தி அப்புறம் பேசலாம். நீங்க எப்படி இருக்கீங்க?" என்று மறுபடியும் கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எப்படி இருப்பதாம்?

எனக்குப் பக்கத்தில் மீமிசலிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். கடலுக்குப் போகிறவர். கட்டைக் குரலில் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"நான் வீட்லயேதாம்மா கெடக்கேன். எம்மவன என் படகு மேல சத்தியம் பண்ண வச்சேன். அவன் மறுபடியும் கஞ்சா அடிக்க ஆரம்பிச்சுட்டான். இப்ப எனக்குக் கடலுக்குப் போகப் பயமா இருக்கு."

பிறகு ஆவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், "நான் சினை மாட்டு மேல பண்ண வச்சேங்க. அது கன்னு போடுற வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல" என்றார். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்கு நிஜமாகவே வயிற்றைப் பிடிக்க வேண்டியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் நானும் சொன்னேன்: "எனக்கு என் தலை." அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மீமிசல்காரர் அந்தப் பெண்ணிடம் கேட்டார். "வாங்குன சத்தியத்தத் திருப்பிக் குடுக்க ஏதாச்சும் வழி இருக்காம்மா?"

அவள் யோசித்தாள். "அடிக்குப் பயந்தாலும் சத்தியத்துக்குப் பயந்தாலும் பிள்ளைங்க மறைக்கத்தான் செய்வாங்க. உண்மையச் சொன்னா வீட்ல காது குடுத்துக் கேப்பாங்கன்னு தோணணும். நீங்களும் மறைக்காம சொல்லிப் பாருங்க" என்றாள். சொல்லிப் பாருங்களாம். பிள்ளை பெற்றிருக்கிறாயா என்று வாய்வரை வந்தது, மென்று முழுங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை மீமிசல்காரர் வெயிலில் முகம் கறுத்து, கண் தெளிந்து வந்தார். "கடலுக்குப் போனேன் டீச்சர். அவனையும் ஏத்திக்கிட்டுப் போனேன். எனக்குப் பயமா இருக்குடா, நீயும் வான்னு சொன்னேன்." மகன் விட்டுவிட்டானா என்று கேட்டேன். "இல்லைங்க" என்றார்.

நான் என் மகனிடம் அப்படிச் சொல்வதற்குள் வலி முந்திக்கொண்டது. பக்கத்து வீட்டுக் காதுகுத்தில் கறிச்சோறு தின்றேன். மறுநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே சுருண்டு விழுந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"தூக்குடா" என்றேன்.

அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "நான்தாம்மா. நேத்து சாயங்காலம் அடிச்சேன்மா. நான் ஒன்னைத் தொட மாட்டேன்மா."

"இது கல்லுடா. பித்தப்பையில கல்லு. தை மாசமே ஸ்கேன் எடுத்தாச்சு. ஒங்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூட்டிவந்தான். அவர்கள்தான் தூக்கினார்கள். ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்தான், என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான் கேட்ட முதல் உதவி, "இந்தக் கல்லு எவ்வளவு காலமா இருக்கும்னு இவன்கிட்டச் சொல்லுங்க" என்பதுதான். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, வருஷக்கணக்கில் வளர்கிற கல் என்று விளக்கினார். மகன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். கடைசியில், "ஆனா சார், இம்புட்டு வலி நேத்துக்கு அப்புறந்தானே வந்துச்சு?" என்றான். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் வார்டில் கூட்டம் குறைந்திருந்தது. அவன் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தான். கூப்பிட்டேன்.

"இங்கிட்டு வாடா. ஒன் சத்தியத்த நான் திருப்பிக் குடுத்துட்டேன். எனக்கு வேணாம். நாளைக்கு எனக்கு என்ன ஆனாலும் அதுக்கும் ஒனக்கும் சம்பந்தமில்ல. என் தலையிலருந்து கைய எடுத்துக்க."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அடிக்காம இருந்த நாளெல்லாம் அத நெனச்சுத்தாம்மா இருந்தேன். அப்படியும் நெறைய நாள் இருந்திருக்கேன், ஒனக்குத் தெரியாது. அதையும் எடுத்துட்டா என்னையப் புடிக்க என்னம்மா இருக்கு?"

சிவந்த கண்ணோடு வந்த நாட்களையெல்லாம் நான் கணக்கில் வைத்திருந்தேன். வராத நாட்களில் அவன் பட்ட பாட்டை ஒருநாளும் நினைத்ததில்லை. நான் மட்டும்தான் கட்டுண்டு கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனும் அதே கயிற்றின் மறுமுனையில் கிடந்தான். அவனுக்கு அது அறுந்துவிடக்கூடாது. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

மறுநாள் கண் விழித்தபோது வயிறு கனத்தது, தொண்டை எரிந்தது. அவன் அங்கேதான் நின்றான். பழக்கத்தில் முதலில் அவன் கண்ணைப் பார்த்தேன். சிவந்திருந்தது. அழுததா, மற்றதா, தெரியவில்லை. இன்றுவரைக்கும் தெரியாது.

சாயங்காலம் நர்ஸ் வந்தார். "சளி கட்டிக்கும்மா, இருமித் துப்புங்க."

எனக்கு வராமல் இல்லை. மகன் நிற்கிறானே என்று அடக்கிக்கொண்டேன். அந்த ஊசி மயக்கத்திலும் கொல்லை மோட்டார் நினைவுக்கு வந்தது. நர்ஸ் விடவில்லை. "தையல் வலிக்கும்னு பயப்படாதீங்க. வயித்துல தலகாணிய வச்சு அமுக்கிக்கிட்டா தெரியாது. தம்பி, வாங்க, அம்மாவுக்குப் புடிங்க."

அவன் தன் வலது கையைப் பார்த்தான். பேன்ட்டில் அதைத் துடைத்தான். தலையணையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்து, இரண்டு கைகளாலும் மெதுவாக அமுக்கினான்.

"இருமும்மா" என்றான். "நான் புடிச்சுக்கிறேன்."

இருமினேன். அத்தனை மாதத்து இருமலையும் சேர்த்து, வார்டே திரும்பிப் பார்க்க இருமினேன். அவன் முகம் வெளுத்துப்போய்விட்டது. கையை மட்டும் எடுக்கவில்லை.