கொடிக்காலுக்குப் போன களி

என் கணவருக்கு நீரிழிவு என்று நாமக்கல் டாக்டர் சொன்னபோது எங்கள் மகளுக்குப் பத்து மாதம். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தீராத தாகமும் மெலிவும் கொடிக்காலில் வெற்றிலைக்குத் தண்ணீர் கட்டும் அலைச்சலால் வந்தவை என்றே நினைத்திருந்தோம்.

வீட்டில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் டாக்டர் உணவு முறையைக் காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்தார். பகலுக்கு ஒரு கரண்டி சோறு, இரவுக்கு ஒரு கரண்டி. மற்றபடி முட்டை, கீரை, சுரைக்காய், மோர், எப்போதாவது கறி. காலையில் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து இன்சுலின் ஊசி போடுவார். மாலையில் நான் சிறுநீரில் எட்டுச் சொட்டை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை மிகுதி.

ஒரு மாதமாகச் செங்கல் நிறம்தான். நான் அள்ளும் கரண்டி பெரிதோ என்று சின்னக் கரண்டிக்கு மாறினேன். சுரைக்காயைச் சந்தேகித்தேன். பிறகு மோரை. குழந்தை அழுகிற அவசரத்தில் சொட்டு எண்ணுவதில் பிசகினேனோ என்று ஒரே மாலையில் மூன்று முறை காய்ச்சினேன். மூன்றும் செங்கல். அவர் இலையில் கிடக்கும் கீரையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டு எழுவார். அவ்வளவு எளிதாக அவர் பழகிக்கொண்டதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

டாக்டர் கேட்டார், காகிதத்தில் இல்லாதது எதுவும் தருகிறீர்களா என்று. இல்லவே இல்லை என்றேன். ஊசி மருந்தின் அளவைக் கூட்டினார்.

அடுத்த வாரம் ஒரு நாள் மோர் கொடுத்துவர குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடிக்காலுக்குப் போனேன். வரப்பில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. தட்டில் இரண்டு பெரிய ராகிக் களியுருண்டைகளும் கீரைக் கடைசலும். பக்கத்தில் என் மாமியார்.

"அரிசிதானே ஆகாதுன்னாரு அந்த டாக்டரு," என்றார் மாமியார், கொஞ்சமும் பதறாமல். "களி என்ன பண்ணும் அம்மிணி? களியத் தின்னு வளந்த ஒடம்பு இது."

என் கணவர் என்னைப் பார்க்காமல் சிரித்தார். "ஆட்டுக்குட்டியாட்டம் தழையத் தின்னுபோட்டு நா எப்புடித் தண்ணி கட்டறது?"

காகிதத்தில் களி என்ற சொல்லே இல்லை. டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் பக்கம் காலையில் களி இல்லாமல் காட்டு வேலை நடக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. எங்களுக்கும் அது சோற்றோடு சேர்த்தி இல்லை. சோறு விருந்துக்கு, களி வேலைக்கு. ஆனால் எனக்குத் தோன்றியிருக்க வேண்டுமே.

மறுநாள் முதல் களி நின்றது. குழந்தையின் தலையில் கைவைக்கச் சொல்லி இருவரிடமும் சத்தியம் வாங்கினேன். இதை டாக்டருக்குச் சொல்லி அனுப்பவில்லை. இல்லவே இல்லை என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? மாமியார் மகனுக்கு ஒளித்துச் சோறூட்டினார் என்று கம்பவுண்டர் வழியாக ஊருக்கே தெரியுமே. கூட்டிய ஊசி அப்படியே ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மாலை குழாய் நீலமாகவே நின்றது. வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் உச்சிப்பொழுதில் மாமியார் கொடிக்காலிலிருந்து கூப்பிட்டார். ஓடினேன். வாய்க்கால் கரையில் என் கணவர் சாய்ந்திருந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. ஏதோ சொன்னார், நாக்கு புரளவில்லை. மாமியார் பக்கத்துக் கரும்பாலைக் கொட்டகையிலிருந்து வெல்லம் வாங்கிச் சொம்புத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தார். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாமுங்க அத்தை. வெல்லம் இவருக்கு வெசமுங்க."

"கையெடு சாமி. பசில போயிருவான் எம்பையன்."

நான் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர்தான் என் கையைத் தட்டிவிட்டு மகன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கால்மணி நேரம் போல ஆனதும் என் கணவர் எழுந்து உட்கார்ந்து, எல்லாரும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

ஊசி மருந்து மிஞ்சிச் சர்க்கரை இறங்கினால் வேர்த்து நடுங்கும், உடனே சர்க்கரை கொடுங்கள் என்று முதல் நாளே கம்பவுண்டர் சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டேன். கூடாது, கூடாது என்று நான் மனப்பாடம் செய்தவற்றுக்கு நடுவே அது ஒன்று தொலைந்துபோயிருந்தது.

மறுநாள் நாங்கள் மூவரும் குழந்தையும் கரியில் ஓடும் பஸ்ஸில் நாமக்கல் போனோம். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். மாமியார் தரையைப் பார்த்தார்.

"ஒரு மாசமா களி சாப்பிட்டாருங்க. நான் திடீர்னு நிறுத்திப்போட்டேனுங்க. உங்களுக்குச் சொல்லலீங்க," என்றேன்.

டாக்டர் களி எப்படிச் செய்வது, எதில் செய்வது என்று மாமியாரிடம் விவரமாகக் கேட்டார். பிறகு ஊசி மருந்தைக் குறைத்து, பகல் சோற்றுக்குப் பதிலாகக் காலையில் எலுமிச்சம்பழ அளவு களி என்று காகிதத்தில் சேர்த்து எழுதினார்.

அடுத்த நாள் காலை மாமியார் களியை உருட்டி, கொடிக்காலுக்கு எடுத்துப்போகாமல் உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"இது போதுமா அம்மிணி?"

பெரிதாகத் தெரிந்தது. கொஞ்சம் குறைக்கலாமுங்க என்றேன். ஒரு விள்ளல் கிள்ளி எடுத்தார். சின்னதாகிவிட்டது போலிருந்தது. அதுவும் இருக்கட்டுமுங்க என்றேன். அவர் கிள்ளியதைத் திரும்ப ஒட்டினார்.