என்னையே பிடித்த தூண்டில்

ஆண்ட்ரோஸ் தீவில் முழங்காலளவு கடலில் கழி ஊன்றிப் படகு தள்ளி, வெளியூர்க்காரர்களுக்கு மீன் காட்டுவது என் பிழைப்பு. என் கண்ணுக்கு மீன் தப்பாது. என் வாய்க்கு மனிதர்கள் தப்பமாட்டார்கள்.

அன்று வந்தவர் ஹாரியட் அம்மா, கனடாவில் பல் மருத்துவராக இருந்தவர். இறகு கட்டிய தூண்டிலை அவர் வீசும்போதெல்லாம் கேலி செய்தேன். "மீன் தண்ணியில இருக்கும்மா. நீங்க வானத்துல தேடுறீங்க!"

மத்தியானம் அவர் தூண்டில் கோலை என்னிடம் நீட்டினார். "நீங்களே பிடிச்சுக் காட்டுங்க, பிரெஸ்காட்."

எனக்கு வீசத் தெரியாது என்று சொல்ல மானம் இடம்கொடுக்கவில்லை. எதிரே வெள்ளி நிறத்தில் ஒரு போன்ஃபிஷ் வாலை ஆட்டியது. கோலைப் பின்னால் ஓங்கி, முன்னால் வீசினேன். கொக்கி என் பின்புறத்தில் ஏறியது. மீன் நிதானமாகப் போயிற்று.

"அசையாதீங்க, எத்தனையோ பேருக்குப் பல்லு பிடுங்கியிருக்கேன்" என்றார். சிரிப்பில் அவர் கை நடுங்கியதால் மறுத்துவிட்டேன். உட்கார முடியாத என்னை நிற்கவைத்து, அவரே படகைத் தள்ளிக் கரை சேர்த்தார்.

துறையில் சங்கு சுத்தம் செய்துகொண்டிருந்த என் மனைவி ஒலாமே என்னைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"பெருசாத்தான்யா மாட்டியிருக்கு. ஆனா சமைக்க லாயக்கில்லையே!"

துறையே சிரித்தது. கொக்கியை ஹாரியட் அம்மாதான் எடுத்தார். மறுநாள் காலை மணலில் நின்று எனக்கு வீசக் கற்றுக்கொடுத்தார். வெகு நேரம் கழித்து ஒரு வீச்சு தண்ணீரில் விழுந்தது. அங்கே மீன் கிடையாது. ஆனாலும் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.