கீரப்பாளையத்தில் ஓடிய கடைசி ஹெட்செட்

ஊர் சுற்றிப் பார்க்க நான் கடலூர் போகவில்லை. போன மாசியில் ஒரு சனிக்கிழமை, கல்லூரி நண்பன் பிரபு கூப்பிட்டான், போனேன். அவன் நடத்திய வி.ஆர். ஹெட்செட் கம்பெனி மூடிப்போய்விட்டது. விற்றதில் ஒன்றே ஒன்றுதான் இன்னும் ஓடுகிறது, அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றான். சென்னையில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினால், புதுச்சேரி வழியாகப் பதினொன்றுக்குக் கடலூர். இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், கடல் தெரியும்.

மஞ்சக்குப்பத்தில் கம்பெனி இருந்த மாடியில் இப்போது நீட் கோச்சிங் நடக்கிறது. கீழே டீக்கடையில் நின்றபடி பிரபு முழுக் கதையும் சொன்னான். கண்ணில் மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்தில் நிற்கவைக்கும் பெட்டி. அதைப் பெரிய கம்பெனிகளின் விலையில் பாதிக்குச் செய்து, பள்ளிக்கூடங்களுக்கு விற்றிருக்கிறார்கள். யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று பிரபுவே ஒரு பூட்டு எழுதினான். நெட் கிடைத்ததும் பெட்டி சர்வரிடம் அனுமதி கேட்கும், கிடைத்தால்தான் ஓடும். நெட்டே இல்லாவிட்டால் கேட்காது, பாட்டுக்கு ஓடும். பிறகு பெங்களூர் ஆட்கள் கம்பெனியை வாங்கினார்கள். இரண்டே வருடத்தில் நஷ்டம் என்று சொல்லி சர்வரை அணைத்துவிட்டார்கள். நெட்டில் இருந்த பெட்டியெல்லாம் அன்றே செத்தது. கீரப்பாளையத்தில் பிரபுவின் மாமா வீட்டில் வைஃபை கிடையாது, அதனால் அங்கே இருந்த பெட்டி மட்டும் பிழைத்தது.

சிதம்பரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து கீரப்பாளையத்துக்கு ஆட்டோ 250 ரூபாய். டவுன் பஸ்ஸும் உண்டு, எங்களுக்குப் பொறுமை இல்லை.

மாமா குமராட்சிப் பக்கம் மினி பஸ் ஓட்டியவர். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், மூன்று வருடமாகக் கட்டிலில் இருக்கிறார். அதற்கு முன்பு கம்பெனிக்காகப் பிச்சாவரத்தில் படம் எடுத்தபோது, கேமராவை ஹெல்மெட்டில் கட்டி இவர் தலையில்தான் மாட்டினார்களாம். படகில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் பெட்டியில் ஓடும் அந்தப் படத்தில் குனிந்து பார்த்தால் அவருடைய சொந்தக் கால்களே தெரியும், விரல்கூட ஆடும்.

"டீ குடிச்சதும் கெளம்பிடுவாரு தம்பி" என்று அத்தை சிரித்தார். "சாப்ட கூப்ட்டா, போட்ல இருக்கேன், அப்பறம் வரேன்றாரு!"

"நல்லாத்தான் ஓடுது மாப்ள. வாய்க்கா திரும்பற எடத்துல மட்டும் லேசா சிக்குது" என்றார் மாமா.

"அப்டேட் பண்ணா சரியாயிடும் மாமா. டேய், ஹாட்ஸ்பாட் போடு" என்றான் பிரபு.

போட்டேன். அவர்கள் கம்பெனியில் எந்தப் புகார் வந்தாலும் முதல் வேலை அப்டேட், சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்களாம். அந்தப் பழக்கத்தில் அவன் கை தானாகப் போய்விட்டது. சரி, காலையில்தானே டீக்கடையில் அத்தனையும் கேட்டேன், எனக்கு எங்கே போனது புத்தி? என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அனுமதியைச் சரிபார்க்க முடியவில்லை" என்று திரையில் வந்தது. பிரபு முகத்தில் ஈயாடவில்லை. லேப்டாப்பை எடுத்து, கேபிளைச் சொருகி, இருட்டும்வரை என்னென்னவோ செய்தான். படமும் அதே பூட்டுக்குள்தான் இருக்கிறது, வேறு பிரதி எங்கும் இல்லை. "நான் போட்ட பூட்டுடா, எனக்கே தொறக்கல" என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதான்.

மாமா பெட்டியை வாங்கி ஒருமுறை மாட்டிப் பார்த்துக் கழற்றி வைத்தார்.

"வேற பொட்டி வாங்கியாறேன் மாமா. பிச்சாவரம் போயி புதுசா எடுத்தாறேன்" என்றான் பிரபு.

"எடுத்தா, பாக்கலாம். ஆனா அதுல குனிஞ்சா உன் காலுதான தெரியும்?" என்றார் மாமா. "மூணு வருசமா நான் படுத்த படுக்கைன்னு ஊர்ல பேசிக்கினாங்க. எனக்கு அப்டி தோணவே இல்ல மாப்ள, தெனம் போய்ட்டு வந்துனு இருந்தேன். இன்னிக்கித்தான்டா படுத்துட்டேன்."

எங்களால் அங்கே சாப்பிட முடியவில்லை. அத்தை கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், அவர் சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

போக நினைப்பவர்களுக்கு: சிதம்பரத்தில் தங்கினால் பிச்சாவரம் அரைமணி நேரம். வெயிலுக்கு முன்பே படகு ஏறிவிடுங்கள், தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். நாங்கள் போகவில்லை. இன்னொன்று, இந்த மாதிரி பழைய ஹெட்செட் உங்கள் வீட்டில் யாருக்காவது ஓடிக்கொண்டிருந்தால், சிக்கினாலும் பரவாயில்லை, அப்படியே ஓடட்டும். சரி பண்ணித் தருகிறோம் என்று எங்களைப் போல யாராவது வந்தால், வாசலிலேயே டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.