ஒரு கொக்கி அதிகம்

பொழுது சாயத் தொடங்கியதும் திரிசலா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவாள். ஆரணியில் பட்டு நூல் கடை ஒன்றின் மாடியில் இருக்கும் ஜெயவேலின் டிசைன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். சமணக் குடும்பம், இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார்கள். சமணக் கோயில் உள்ள திருமலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும் என்பதால் அம்மா இரண்டு டப்பாவாகக் கட்டிக் கொடுப்பாள்.

“சூரியன் லாக் அவுட் ஆவப் போறாரு, ஜல்தி சாப்புடு” என்பான் அடுத்த மேசை வெற்றிச்செல்வன். அவனுக்கும் அவள் வயதுதான். அப்பா, சித்தப்பா எல்லோரும் தறிக்காரர்கள்.

சேலை டிசைனை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகத் திருத்துவது அவர்கள் இருவருக்கும் வேலை. திருத்திய படத்தை ஒரு புரோகிராம் வரிசை வரிசையாகப் படித்து, தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்குப் புரியும்படி மாற்றித் தரும். எந்த வரிசையில் எந்தக் கொக்கி மேலே போக வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் பெட்டி இழையைத் தூக்கும். புரோகிராமை எழுதியவர் சிவகுமார். முன்பு இங்கே இருந்தவர், இப்போது சென்னையில் இருக்கிறார்.

கொஞ்ச நாளாக அந்தப் புரோகிராம் எப்போதாவது பிசகியது. நடுவில் ஏதோ ஒரு வரிசையிலிருந்து எல்லாம் ஒரு கொக்கி தள்ளி விழுந்தது. முத்துவேல் என்பவருடைய தறியில் மயிலுக்குக் கழுத்து ஒடிந்துவிட்டது. அதே படத்தை மறுபடி மாற்றினால் மயில் நன்றாக நின்றது. எப்போது ஒடியும் என்று சொல்ல முடியாததுதான் பேஜார்.

திங்கட்கிழமை ஜெயவேல் வந்து நின்றார். “நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுதானே? உள்ள இன்னா நடக்குதுன்னு பாரும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவலன்னா சிவகுமாருக்கே அனுப்பிடறேன். நீ எப்பவும் போல டிசைனப் பாத்துக்கோ.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சுருக்கென்றது. அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. வேர்க்கடலை போடுகிற அப்பா, ஊரில் யார் கேட்டாலும் “பொண்ணு கம்ப்யூட்டர் இன்ஜினியருக்குச் சமம்” என்றுதான் சொல்வார். லேப் தேர்வுக்கு முன்னால் புரோகிராம்களை அரைப்புள்ளி உட்பட மனப்பாடம் செய்ததும், கேட்டதை அப்படியே தட்டி முதல் வகுப்பு வாங்கியதும் அவளுக்கு மட்டும் தெரியும். படித்தோமா, ஒப்பித்தோமா என்ற கேள்வி அன்றிலிருந்தே அவளோடு இருந்தது.

பிழை தேடுவதற்கென்று டீபக்கர் என்று ஒரு கருவி உண்டு. அது ஓடுகிற புரோகிராமை நினைத்த இடத்தில் நிறுத்திவைக்கும். உள்ளே எந்த எண் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். திரிசலா ஒவ்வொரு வரிசையிலும் நிறுத்தி, பார்த்து, மறுபடி பொத்தானைத் தட்டினாள். சேலைக்கு ஆயிரக்கணக்கில் வரிசை. மயிலின் கால்கூட வருவதற்கு முன்பே கண்ணில் நீர் வந்தது.

அவளுடைய வேலையைக் கருவியே பார்க்கும்படி சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கலாம் என்று கையேட்டில் இருந்தது. அதற்கு மேல் அந்த ஆங்கிலம் அவளை உள்ளே விடவில்லை. ஆனால் கருவியோடு ஒரு ஃபோல்டர் நிறைய மாதிரி ஸ்கிரிப்ட்கள் வந்திருந்தன. ஒன்றைத் திறந்து ஓட்டினாள். குறித்த இடத்தில் நின்று ஒரு எண்ணைக் காட்டியது. அடுத்தது, எண்ணைக் காட்டிவிட்டுத் தானே மேலே நடந்தது. இரண்டுக்கும் ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். அந்த வரியை எடுத்தாள், நின்றது. திரும்பப் போட்டாள், நடந்தது. சத்தம் போடாமல் சிரித்தாள்.

இதுவும் பார்த்து எழுதுவதுதானே என்று உடனே தோன்றியது. சிரிப்பு போய்விட்டது.

புதன்கிழமை, இரண்டு எண்களை ஒப்பிட்டு, மாறினால் நிற்கும் மாதிரி ஸ்கிரிப்ட் ஒன்று கிடைத்தது. சேலைக்கு இரண்டு பக்கமும் பார்டர் இருக்கிறது. இடமும் வலமும் ஒத்துப்போகாத வரிசையில் நிற்கச் சொல்லலாம். பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டாள். முதல் வரிசையில் நின்றது. இரண்டாவதிலும் நின்றது. எல்லா வரிசையிலும் நின்றது.

வெற்றிச்செல்வன் எட்டிப் பார்த்தான். “இன்னா பண்ணிகினு இருக்க?”

சொன்னாள்.

“இந்தச் சேலைக்கு ஒரு பக்கம் பெரிய பார்டர், ஒரு பக்கம் சின்ன பார்டர். எப்படி ஒத்துப்போவும்? போன வாரம் நாலு நாளு இதையேதான் திருத்திகினு இருந்த, கண்ணுல படலியா?”

“புள்ளியப் பாத்தேன். சேலையப் பாக்கல.”

“அத முத்துவேல் அண்ணங்கிட்ட சொல்லிடாத. சேலையாலயே அடிப்பாரு.”

பஸ்ஸில் போகும்போது அவமானத்தை விட யோசனைதான் அதிகமாக இருந்தது. எப்படிக் கேட்பது என்று மாதிரி ஸ்கிரிப்ட் சொல்லித் தந்தது. எதைக் கேட்பது என்று அதற்குத் தெரியாது. அதற்கு முத்துவேலின் சேலையைத் தெரியாது. பார்டர் எப்படி இருந்தாலும், மயில் இருந்தாலும் மாங்காய் இருந்தாலும், எல்லாச் சேலைக்கும் மாறாதது எது? தறியில் இருக்கும் கொக்கிகளின் எண்ணிக்கை. வரிசைக்கு வரிசை அது கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

வியாழக்கிழமை பிற்பகல் அதை எழுதி ஓட்டிவிட்டாள். கருவி ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு போனது. சாயங்காலம் அது எண்ண, பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டாள். முழுப் படமும் முடிந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

“இன்னாம்மா, சிவகுமாருக்குப் போன் போட்டுடட்டுமா?” என்றார் ஜெயவேல்.

“தப்பு ஒவ்வொரு தடவையும் வராதுங்க. வர்ற வரைக்கும் ஓட்டணும்.”

“வர்ற வரைக்கும் நீ இங்கயே உக்காந்திருப்பியா?”

“நான் வேணாங்க. இதுவே ஓட்டிக்கும்.”

சொன்ன பிறகுதான் அதற்கு வழி தேடினாள். ஓடி முடிந்த புரோகிராமை மறுபடி முதலிலிருந்து தொடங்கவைக்கும் மாதிரி ஸ்கிரிப்ட் ஒன்று ஃபோல்டரின் அடியில் இருந்தது. அதையும் தன்னுடையதையும் சேர்த்தாள். முதல் தடவை மோதிக்கொண்டன; ஏனென்று பார்த்து, ஒரு வரியை இடம் மாற்றினாள். ஓடவிட்டுவிட்டு, “யாரும் அணைக்காதீங்க” என்று காகிதம் ஒட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் திரை ஓரிடத்தில் நின்றிருந்தது. அந்த வரிசையில் ஒரு கொக்கி அதிகம்.

உட்காராமலே பார்த்தாள். புரோகிராம் படத்தைப் பகுதி பகுதியாகப் படிக்கிறது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது, எண்ணிக்கை வைக்கும் இடத்தைப் பூஜ்யமாக்காமலே எண்ணத் தொடங்குகிறது. அங்கே பழைய எண் தங்கியிருந்தால் பிசகும், இல்லையென்றால் பிசகாது.

ஜெயவேல் சிவகுமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். திரிசலா புரோகிராமில் பிழை இருக்கும் வரியின் எண்ணைச் சொன்னாள். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

“ஆமாங்க, நான்தான் விட்டுட்டேன்” என்றார் சிவகுமார். “டீபக்கர் எங்க கத்துக்கினீங்க?”

“எங்கயும் இல்லீங்க. அதோட வந்த மாதிரி ஸ்கிரிப்டுங்கள ஓட்டி, மாத்திப் பாத்தேன். பாதி அதுல இருந்து எடுத்ததுதான்.”

“மீதி?”

அவள் யோசித்தாள். “மீதி நான் எழுதினது.”

“அப்ப அந்த வரியையும் நீங்களே சேத்துடுங்க. எனக்கு இங்க மீட்டிங்.”

இதற்கு மாதிரி எதுவும் இல்லை. அந்த இடத்தைப் பூஜ்யமாக்கும் ஒரு வரியைச் சேர்த்தாள். மறுபடி அதே ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். மதியம் வரை நிற்கவில்லை. நிற்காததாலேயே சரியாகிவிட்டது என்று ஆகிவிடுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, முத்துவேலின் படத்தோடு இன்னும் மூன்று படங்களையும் கொடுத்தாள். நிற்கவில்லை.

“இனிமே இந்தப் புரோகிராம் உங்கிட்டயே இருக்கட்டும்” என்றார் ஜெயவேல்.

“அப்பிடின்னா முழுசாப் படிக்கணுங்க. எனக்கு இந்த ஒரு இடம்தான் தெரியும். ஒரு வாரம் டிசைன் வேலை குடுக்காதீங்க.”

“ரெண்டு நாள்.”

“நாலு.”

“அப்ப டிசைனெல்லாம் என் தலையிலயா?” என்றான் வெற்றிச்செல்வன். திரிசலா புரோகிராமின் முதல் வரியைத் திறந்து படிக்கத் தொடங்கியிருந்தாள்.