ஒட்டாத தோல்

என் தங்கை ஜெயபுஷ்பம் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் ஒன்பது வருடம் ஆட்டுத்தோலை ரகம் பிரித்தவள். 1961 ஜூலையில் வேலூர்ப் பக்கம் சத்துவாச்சாரியைத் தாண்டி இருந்த ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில், பன்றிக் கொட்டகை வேலைக்குச் சேர்ந்தாள். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "தோல் மண்டி மட்டும் மணந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனாள்.

அவை குட்டை ரகப் பன்றிகள். வளர்ந்தாலும் நம் முழங்காலைத் தாண்டாது. தீக்காய மருந்துகளைச் சோதிக்க அவற்றை வளர்த்தார்கள். எல்லாம் ஒன்றுபோல இருந்தால்தான் மருந்தின் பலன் சரியாகத் தெரியுமாம். அதற்காக ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெண்ணையுமே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வந்தார்கள். முதல் ஜோடியின் வாரிசுகள் கிழக்குக் கொட்டகை, மேற்குக் கொட்டகை என்று இரண்டு குடும்பமாக இருந்தன.

1965 மார்ச்சில் பண்ணையின் பொறுப்பாளர் டாக்டர் கங்காதரன், இடம் போதாது, மேற்குக் கொட்டகைப் பன்றிகளைக் கொன்றுவிடலாம் என்றார். இரண்டு குடும்பமும் ஒன்றே என்று, இவள் எழுதிவந்த கொட்டகைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இவள் மாட்டேன் என்றாள்.

"ஏழு தலைமுறை ஆச்சும்மா. இன்னா வித்தியாசம் இருக்கப் போவுது?"

"சிரைச்ச முதுகைத் தடவிப் பாருங்க சார். கிழக்குல மயிர்க்கால் நெருக்கம், மேற்குல கலைஞ்சிருக்குது. மண்டியில இது ரெண்டையும் ஒரே கட்டுல வெச்சிருந்தா என்னைத் துரத்தியிருப்பாங்க."

கூட வேலை செய்த காசிநாதன் சிரித்தான். "அக்கா பன்னிக்கு ஜாதகம் பாக்குது சார்."

"உனக்கும் பாக்கறேன். முதுகைக் காட்டு."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணோட தோலை இன்னொண்ணு மேல வெச்சுத் தைச்சுப் பாத்துடலாம். ரெண்டும் ஒண்ணுன்னா ஒட்டும். ஒட்டிச்சுன்னா அன்னிக்கே நீ வேலையை விட்டுப் போய்டணும்."

"போய்டறேன். ஒட்டலைன்னா மேற்குக் கொட்டகையில ஒருத்தரும் கத்தி வைக்கக் கூடாது."

கிழக்குப் பன்றி ஒன்றின் முதுகில் தபால்தலை அளவில் இரண்டு துண்டுகளை வைத்துத் தைத்தார்கள். ஒன்று அதன் சொந்தத் தோல், மற்றது மேற்குப் பன்றியின் தோல். ஐந்தாம் நாள் இரண்டுமே சிவந்து உயிரோடு இருந்தன. காசிநாதன் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கையில் கொடுத்துக் கும்பிட்டான். அவள் அதை வாங்கி மறுபடியும் ஆணியில் மாட்டினாள்.

அன்று மாலை நானே, "எழுதிக் கொடுத்துடேன்டி, வேலையாவது நிக்கும்" என்றேன்.

"கையால தொட்டுப் பாத்ததை எப்படிக்கா மாத்தி எழுதறது?" என்றாள்.

எட்டாம் நாள் மேற்குத் தோலின் ஓரம் கறுத்தது. பதினோராம் நாள் கட்டைப் பிரித்தபோது, அது காய்ந்து துணியோடு வந்துவிட்டது. சொந்தத் தோல் அப்படியே பிடித்திருந்தது.

டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுன்னு நம்பிப் பண்ண என் ஆறு வருஷ வேலையைக் கெடுத்துட்டியேம்மா."

"நான் இன்னா சார் பண்ணேன்? பன்னி தள்ளிடுச்சு."

அவர் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டும் வேறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் மேற்குக் கொட்டகைக்கு ஒரு பூட்டு கேட்டு வாங்கினாள். சாயங்காலம் டாக்டர் சாவியைக் கேட்டார்.

"என்கிட்டயே இருக்கட்டும் சார்" என்றாள். "உங்களுக்கு மறுபடியும் இடம் போதாமப் போவும்."