ரிமார்க் இல்லாத முழங்கால்

அடிபட்ட முழங்காலை எதிராளி கண்ணில் படாமல் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவதுதான் என் தொழில். காகிதத்தில் இதற்கு ‘வீரர் பிரதிநிதி’ என்று பெயர். ராயபுரத்தில் ஏஜென்ட். நல்ல கால் உள்ள ஃபுட்பால்காரர்களுக்குக் கோட் போட்ட ஏஜென்ட்கள் வெளியூரில் இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் உடம்பில் எங்காவது ஓரிடத்தில் பட்டை சுற்றியவர்கள்தான்.

அதற்கு முன்னால் துறைமுகத்துச் சரக்குகளுக்குப் பேப்பர் எழுதும் க்ளியரிங் ஆபீசில் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். பேட்டைப் பையன்களுக்குக் கிளப்பிலிருந்து ஆங்கிலத்தில் ஒப்பந்தம் வந்தால் படித்துச் சொல்லப் போனேன். படித்துச் சொன்னவனையே பேசவும் சொன்னார்கள். அப்படித்தான் ‘பேப்பர்’ பாஸ்கர் ஆனேன். இன்ஷூரன்ஸ் படிவத்தில் ‘சர்க்கரை உண்டா?’ என்ற இடத்தில், வாயில் மாத்திரையை வைத்துக்கொண்டே ‘இல்லை’ என்று டிக் அடித்த அன்பர்களே, நீங்கள் நம்ம ஆள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

படி ஏறி வந்தவன்

என் ஆபீஸ் டோல்கேட் பக்கத்தில், பேட்டரி கடைக்கு மேலே மாடியில். லூர்து அந்தப் படியில் ஏறி வரும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு செருப்புச் சத்தம்தான் ஒழுங்காகக் கேட்டது. வயது இருபத்தெட்டு. இடது ஓரத்தில் பந்தோடு கிளம்பினால் பிடிக்க ஆளில்லை என்று பெயர் எடுத்தவன். கம்பெனி டீமில் ஆடும்போது வலது முழங்கால் இரண்டு தடவை திருகிக்கொண்டது. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல், எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் எண்ணெய்க் கட்டு கட்டிக்கொண்டு, வீக்கம் வற்றியதும் கிரவுண்டுக்குப் போயிருக்கிறான்.

கேரளத்துக் கிளப் ஒன்று அவன் ஆட்டத்தை வீடியோவில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தது. இந்த வயதில் இன்னொரு தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவனுக்கும் தெரியும், கூட வந்திருந்த அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். லூர்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரொம்பத் தெளிவாகச் சொன்னான்:

“ஒண்ணியும் இல்லண்ணா. படி ஏறசொல்லோதான் கொஞ்சம் பேஜாரு. கிரவுண்டுல இன்னா படியா கீது?”

மே மாதத்து ட்ராக் சூட்

கிளப் மேனேஜர் ஆளை நேரில் பார்க்க வந்தார். திருவொற்றியூரில் ஒரு மைதானத்தில் ஓட்டிக் காட்டினோம். மே மாதம், காலை பத்து மணி, தார் ரோடு இளகுகிற வெயில். லூர்து கழுத்திலிருந்து கணுக்கால்வரை ட்ராக் சூட் போட்டுக்கொண்டு ஓடினான். உள்ளே முழங்காலில் எலாஸ்டிக் பட்டை இரண்டு சுற்று. ஜலதோஷம் சார் என்று நான் முந்திக்கொண்டேன். ஆனால் என்ன ஓட்டம்! காரணத்தோடுதான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்கே புரிந்தது.

பிறகு உட்கார்ந்து பேசினோம். அவர் ஒரு வருஷம் என்றார். நான் இரண்டு வருஷம் என்றேன். ஆடும்போது அடிபட்டால் வைத்தியம் கிளப் செலவில், ஆடாத மாதத்துக்கும் சம்பளம் உண்டு என்று ஒரு பத்தியைச் சேர்க்கவைத்தேன். ‘மறைக்கப்பட்ட பழைய காயத்துக்கு இது பொருந்தாது’ என்று அவர் அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிற வரிதானே என்று நான் தலையாட்டிவிட்டேன். இரண்டு வருஷம் கிடைத்த மிதப்பு எனக்கு. எழுந்திருக்கும்போது மேனேஜர் லூர்துவின் ட்ராக் சூட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“சாரே, ஞான் ஆளை வாங்கல்ல, ரெண்டு காலைத்தான் வாங்கறேன். ரெண்டுக்கும் ஒரே வயசுதானே?”

ஒரு சின்னக் கட்டம்

அடுத்த வாரம் மருத்துவப் படிவம் வந்தது. சின்ன கிளப். ஸ்கேன் எடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. அவர்கள் டாக்டர் மடக்கச் சொல்வார், நீட்டச் சொல்வார், குதிக்கச் சொல்வார். மற்றதுக்குப் படிவத்தை நம்புவார்கள். அதில் ‘இதற்கு முன் ஏற்பட்ட காயங்கள்’ என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம்.

இங்கேதான் என் பதினெட்டு வருஷ அனுபவம் குறுக்கே வந்தது. துறைமுகத்தில் மூட்டை கிழிந்திருந்தால் கப்பல்காரர் பேப்பரில் ‘மூட்டை கிழிசல்’ என்று ரிமார்க் எழுதுவார். ரிமார்க் விழுந்த பேப்பரைக் கண்டாலே வங்கி முதற்கொண்டு எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ரிமார்க் இல்லாத பேப்பரோடு திரும்புகிறவன்தான் கெட்டிக்கார குமாஸ்தா. நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். ஸ்டெல்லா மட்டும், “எழுதிடுங்கண்ணா. ஒரு வர்சம்தான் குடுப்பாங்கோ, குடுக்கட்டுமே. நாளைக்கு இன்னான்னா ஆச்சுன்னா அவங்களே பாத்துக்குவாங்கோ இல்ல?” என்றாள். ஆபரேஷனா நடந்தது, எண்ணெய்க் கட்டெல்லாம் காயத்தில் சேர்த்தியா என்று நான் சட்டம் பேசினேன். மூன்றே ஆங்கில எழுத்தில் ‘நில்’ என்று எழுதினேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். லூர்து படிக்காமல் கையெழுத்துப் போட்டான். துறைமுகத்துக் கதையைச் சொல்லி ஸ்டெல்லாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்:

“மூட்ட கிழிஞ்சா மூட்டைக்கு வலிக்காதுண்ணா.”

யாரும் தொடவில்லை

ஐந்தாவது ஆட்டம். டீக்கடையில் என் போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இடது ஓரத்தில் லூர்து ஒருத்தனைத் தாண்டினான், இரண்டாவது ஆளைத் தாண்டத் திரும்பினான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரும் அவனைத் தொடவில்லை. பக்கத்தில் ஆள்கூட இல்லை. நடுவர் விசில் ஊதுவதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. டீக்கடையில் எல்லாரும், “எய்ந்திரு நைனா, எய்ந்திரு” என்று போனைப் பார்த்துக் கத்தினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. போனை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

இப்போது ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே தசைநார் புதிதாக அறுந்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பழைய கிழிசலும் இருந்தது. பழையது எவ்வளவு பழையது என்பதுவரை டாக்டர் எழுதிவிட்டார். மறைத்ததால் ஒப்பந்தம் ரத்து, வைத்தியமும் கிடையாது என்று கடிதம் வந்தது. கட்டத்தை நிரப்பியது நான், அந்த எழுத்து என்னுடையது என்று மெயில் அனுப்பினேன். அடியில் இருப்பது ஆட்டக்காரரின் ஒப்பம் என்று பதில் வந்தது. கடைசியில் மேனேஜரையே போனில் பிடித்தேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நிதானமாகத்தான் பேசினார்:

“எழுதியிருந்தா ஒரு வருஷத்துக்கு எடுத்திருப்பேன் சாரே, இந்தக் காலையும் முதல்லயே ஞான் சரி பண்ணிக் கொடுத்திருப்பேன்.”

நகல்

ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் லூர்துவின் வீடு. போனபோது கட்டிலில் தலையணைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்திருந்தது. நடக்கலாம், படி ஏறலாம், பஸ் பிடிக்க லேசாக ஓடலாம். ஆடக்கூடாது. ஸ்டெல்லா டீ கொடுத்தாள், சர்க்கரை போதுமா என்று கேட்டாள். ‘நான்தான் உங்களுக்கு அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டீயை நிம்மதியாகக் குடித்திருப்பேன்.

என் தப்புதான்டா, மன்னித்துவிடு என்று சொன்னேன். என் பிழைப்பில் நான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான். கிளப் அனுப்பியிருந்த காகிதங்களுக்கு நடுவில் அந்தப் படிவத்தின் நகலும் இருந்தது. லூர்து அதை எடுத்து, நான் எழுதிய மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான். முதல் தடவையாக அன்றுதான் படிக்கிறான். எப்படியும் திட்டப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் சிரித்தான்.

“நீ இங்கிலீஷ்ல எய்தினணா. கால் அத்த தமிய்ல படிச்சுக்கிச்சு. நில்லுன்னு எய்திகீதேன்னு நின்னுடுச்சி.”

இணைப்புத் தாள்

லூர்து இப்போது மணலியில் டேங்கர் லாரிகள் நிறுத்தும் யார்டில் கேட் வேலை பார்க்கிறான். என் ஆபீஸ் மாடியில் இருப்பதால்தான் அவன் வருவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் ஒரு கோல்கீப்பரை அனுப்பிவைத்தான். தோள்பட்டை மூன்று தடவை கழன்று சேர்ந்த ஆள். “லூர்து அண்ணன் சொல்லிச்சு. உன்கிட்டயே போவச் சொல்லிச்சு” என்று வந்து நின்றான். அவன் சொன்ன பெயரைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

இந்தத் தடவை, அவனைக் கூப்பிட்டிருந்த கிளப்பின் படிவத்தில் அந்தக் கட்டம் எனக்குப் போதவில்லை. மூன்று தடவை கழன்றதும், கட்டுப் போட்ட நாட்களும், மழைக்காலத்தில் வரும் வலியும், எல்லாம் எழுதி இணைப்புத் தாள் ஒன்றும் வைத்தேன். ஒரு வருஷம் கொடுங்கள், வைத்தியம் உங்கள் பொறுப்பு என்று கேட்டேன். கிளப்பிலிருந்து மூன்றாம் நாள் பதில் வந்தது: வேண்டாம். கோல்கீப்பர் அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். கோபம்கூட இல்லை, நிஜமான சந்தேகம் அவனுக்கு:

“உள்ளத உள்ளபடி எய்தறதுக்கு ஏஜென்ட் இன்னாத்துக்குண்ணா? அத்த நானே எய்திகினு இருப்பனே.”

ஆக, அன்பர்களே, மறைத்து எழுதி ஒருவன் ஆட்டத்தைக் கெடுத்தேன், திறந்து எழுதி இன்னொருவன் ஆட்டத்தைக் கெடுத்தேன், இத்தனைக்கும் நடுவில் என் முழங்கால் இரண்டும் ஒரு ரிமார்க்கும் இல்லாமல் கல்லு மாதிரி இருக்கின்றன.